மூன்றாம் சக்கரம்

வரலாறு என்றவுடன் நம் மனக்கண் முன் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் வந்து நிற்பது இயல்பு. நானும் முப்பது ஆண்டுகளாக அவற்றையே வகுப்பறையில் எடுத்துரைத்து வருபவன். ஆயினும், நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை மிகவும் பிந்தியே உணர்ந்தேன். அதுவும் நூலகத்தில் அமர்ந்து உணர்ந்ததன்று. ஒரு மழை நாளில் சாலையில் வழுக்கி விழுந்த பின்னரே உணர்ந்தேன். அந்த வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் ஊர் சங்கரன்கோவில். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்த ஊர். சங்கரநாராயணர் திருக்கோயிலாலும், ஆடித்தபசுத் திருவிழாவாலும், விசைத்தறிகளாலும், மல்லிகைப் பூவாலும் பெயர் பெற்றது. நான் ஆசிரியப் பணி புரியும் பள்ளி ஊருக்கு வடக்கே, கரிவலம்வந்தநல்லூர் வழியாக இராசபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது. அச்சாலையில் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று திரும்புவது என் வழக்கம். வெயிலானாலும் மழையானாலும் அந்த வண்டி என்னைக் கைவிட்டதில்லை. அதனோடு சாய்ந்து வளைவில் திரும்பும்போது, வண்டி வேறு நான் வேறு என்ற எண்ணமே எனக்குத் தோன்றியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் மழை பெய்து ஓய்ந்த சாலையில் விழுந்தேன். இடக்காலில் எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் காலின் வலிமை திரும்பவில்லை. ஊன்றினால் மடங்கிற்று. இரண்டு சக்கர வண்டி ஓடும்போது தானே நிற்கும். நிற்கும்போது மனிதனின் கால்தான் அதனைத் தாங்க வேண்டும். தாங்கும் கால் எனக்கு இல்லாது போயிற்று. பேருந்தில் ஏறுவதும் எளிதாக இல்லை. விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்துவிடலாம் என்று முடிவு செய்து, கடிதமும் எழுதி மேசை அறைக்குள் வைத்துவிட்டேன்.

“ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் சக்கரம் மாட்டித் தருகிறார்களாமே, அதைப் பார்க்கக் கூடாதா?” என்று என் மனைவி கேட்டார். எனக்குச் சினம் வந்தது. ஊரார் பார்க்க, குழந்தை நடைவண்டியில் செல்வதுபோல் நான் ரத வீதியில் செல்வதா என்று எண்ணினேன். எண்ணியதை வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த வெட்கத்தை உங்களிடம் மறைப்பதற்கில்லை. இந்தப் பேச்சே அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

இறுதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு வயது ஐம்பதை நெருங்கும். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரும்புச் சட்டம் பொருத்தி, அதில் வில்லோடு கூடிய இரண்டு சிறு சக்கரங்களை அவர் அமைத்துத் தந்தார். எண்ணிப் பார்த்தால் தரையைத் தொடுபவை நான்கு. ஆயினும் முன்னே ஒன்று, பின்னே இடமும் வலமும் தாங்குவன இரண்டு என்ற அமைப்பினால் ஊர் வழக்கில் அது மூன்று சக்கர வண்டியே. போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிவுச் சான்றில் மாற்றமும் செய்துகொண்டேன்.

முதல் நாள் பள்ளிக்குப் புறப்பட்டேன். ஊர் எல்லையைக் கடந்ததும் சாலை இடப்புறம் வளையும். பழைய வழக்கப்படி உடலை இடப்புறம் சாய்த்து, இடக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளினேன். வண்டி இடப்புறம் திரும்பவில்லை. வலப்புறமாகச் சாலையைக் குறுக்கே கடந்து, உழுத கரிசல் நிலத்தின் வரப்பில் முட்டி நின்றது. எதிரே வண்டி எதுவும் வராதது என் நற்பேறு.

இதன் காரணம் அறியத்தக்கது. இரண்டு சக்கர வண்டி விரைந்து செல்லும்போது அதனைத் திருப்புவது கைப்பிடி மட்டுமன்று, சாய்வும் ஆகும். இடப்புறம் திரும்ப விரும்பும் ஓட்டுநர், தாம் அறியாமலே இடக் கைப்பிடியை ஒரு கணம் முன்னே தள்ளுகிறார். முன்சக்கரம் சிறிது வலப்புறம் திரும்ப, வண்டி இடப்புறம் சாய்கிறது. அந்தச் சாய்வே அதனை இடப்புறம் கொண்டு செல்கிறது. ஓட்டத் தெரிந்த எல்லோரும் இதைச் செய்கிறார்கள். செய்கிறோம் என்பதை அறிந்தவர் சிலரே. மூன்று சக்கர வண்டியோ சாய்வதில்லை. அங்கே முன்சக்கரம் எப்புறம் திரும்புகிறதோ அப்புறமே வண்டி செல்லும். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் எனக்கு ஒரு நொடியில் பகையாயிற்று.

பட்டறைக்காரரிடம் சென்று முறையிட்டேன். அவர் சிரித்தார். “சார், பழைய வண்டிய மறந்துருங்க. அதுகூடச் சேந்து நீங்க சாஞ்சீங்க. இது சாயாது. எந்தப் பக்கம் திருப்புறீங்களோ அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்” என்றார். பின்னர், நான் வாய் திறந்து சொல்லாத வெட்கத்தையும் கண்டுகொண்டவர்போல், இன்னும் சில சொற்கள் சொன்னார். “எனக்கு ரெண்டு வயசுல போலியோ. எட்டு வயசு வரைக்கும் தவழ்ந்துதான் போனேன். அப்புறம் கையால சுத்துற மூணு சக்கர சைக்கிள். அப்புறம் இந்த ஸ்கூட்டர். நீங்க ரெண்டுல இருந்து மூணுக்கு வந்தீங்க. நான் ஒண்ணுமே இல்லாம இருந்து மூணுக்கு வந்தேன். உங்களுக்கு இது எறக்கம், எனக்கு ஏத்தம். வண்டி ஒண்ணுதான் சார்.”

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வண்டி ஒன்றே, ஒருவருக்கு இறக்கம், மற்றொருவருக்கு ஏற்றம். அப்படியானால் உண்மை எது? வரலாற்று ஆசிரியனுக்குத் தெரிந்த வழி ஒன்றே. பழைய செய்திகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கண்டது 1655ஆம் ஆண்டுச் செய்தி. ஜெர்மனி நாட்டில் நூரம்பர்க் நகருக்கு அருகில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி ஒருவர் வாழ்ந்தார். அவரால் நடக்க இயலாது. இருபத்திரண்டு வயதில் அவர் தமக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டார். அதற்கு மூன்று சக்கரங்கள். கைப்பிடியைக் கையால் சுழற்றினால், கடிகாரத்தில் இருப்பன போன்ற பற்சக்கரங்கள் முன்சக்கரத்தை உருட்டும். தம் பட்டறைத் தொழிலைத் தம் கால்களாக்கிக்கொண்டார் அவர். நம் ஊர்த் தெருக்களில் கையால் சுழற்றிச் செல்லும் மூன்று சக்கர சைக்கிளைக் கண்டிருப்பீர்கள். அதன் முன்னோர் அந்த வண்டி. மிதிவண்டி தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, நடக்க முடியாத ஒருவர் தம் கையால் தம்மை ஓட்டிச் சென்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, தன்னியக்க வண்டிகளின் வரலாறு. பிரான்சு நாட்டுப் படைப் பொறியாளர் நிக்கோலா ஜோசஃப் குன்யோ 1769ஆம் ஆண்டில் பீரங்கிகளை இழுப்பதற்காக ஒரு நீராவி வண்டி செய்தார். அதற்குச் சக்கரங்கள் மூன்று. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் கார்ல் பென்ஸ் காப்புரிமை கோரி விண்ணப்பித்த பெட்ரோல் வண்டிக்கும் சக்கரங்கள் மூன்றே. உலகின் முதல் மோட்டார் கார் என்று போற்றப்படுவது அதுவே. முக்கால் குதிரைத் திறன் கொண்ட எந்திரம். முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. முன்னிரு சக்கரங்களையும் ஒருங்கே சரிவரத் திருப்பும் வழி அப்போது பென்ஸுக்குக் கைவரவில்லை. ஆகவே ஒற்றை முன்சக்கரத்தை அமைத்துக்கொண்டு மேலே சென்றார். 1888ஆம் ஆண்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து, மோட்டார் வண்டி பயனுள்ளது என்பதை உலகுக்குக் காட்டியதும் மூன்று சக்கர வண்டியிலேயே. முடியாத ஒன்றுக்காகக் காத்திராமல், முடிந்த ஒன்றைக் கொண்டு வழி நடந்த கதை இது.

இனி, என்னைத் திடுக்கிட வைத்த செய்திக்கு வருகிறேன். பென்ஸின் காலத்திலேயே, காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் கான்ஷ்டாட் என்னும் ஊரில் ஒரு சிறு எந்திரத்தை மரச்சட்டத்தில் பொருத்தி 1885ஆம் ஆண்டில் ஒரு வண்டி செய்தனர். உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று நூல்கள் கூறுவது அதனைத்தான். அதன் படத்தைப் பார்த்தேன். முன்னும் பின்னும் இரண்டு பெரிய சக்கரங்கள், இடையே இருக்கை. அந்த இருக்கைக்கு இருபுறமும், விழாமல் தாங்குவதற்காக, இரண்டு சிறு சக்கரங்கள்! நண்பர்களே, நான் எதனைக் கண்டு வெட்கினேனோ அதே பக்கச் சக்கரங்களோடுதான் உலகின் முதல் மோட்டார் சைக்கிள் பிறந்திருக்கிறது. பக்கச் சக்கரம் மோட்டார் சைக்கிளுக்கு நேர்ந்த குறையன்று. அதன் பிறப்பிலேயே உடன் இருந்த துணை.

இங்கே ஒரு பொறிநுட்பச் செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பின்புறம் இரு சக்கரங்கள் ஒரே அச்சில் இருந்து, இரண்டும் எந்திரத்தால் உருண்டால் ஓர் இடர்ப்பாடு உண்டு. வளைவில் வெளிப்புறச் சக்கரம் நெடுவழி செல்ல வேண்டும். உட்புறச் சக்கரம் குறுவழி செல்ல வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இதனைத் தீர்ப்பதே பட்டறைகளில் டிஃபரன்ஷியல் என்று வழங்கும் பற்சக்கரத் தொகுதி. இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877ஆம் ஆண்டில் இதனை மூன்று சக்கர மிதிவண்டியில் பயன்படுத்தினார். உயர்ந்த ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஏறி ஓட்டும் மிதிவண்டியே பெருவழக்காய் இருந்த காலம் அது. நீண்ட ஆடை அணிந்த பெண்களும் முதியோரும் அதில் ஏற இயலவில்லை. அவர்களுக்கு வழி திறந்தது மூன்று சக்கர வண்டி. விக்டோரியா அரசியார் 1881ஆம் ஆண்டில் ஸ்டார்லியின் வண்டிகள் இரண்டை வாங்கினார். நம் ஆட்டோ ரிக்‌ஷாவின் பின்னச்சிலும் இன்று டிஃபரன்ஷியல் உண்டு. என் ஸ்கூட்டருக்கு அது தேவையில்லை. அங்கே எந்திரம் உருட்டுவது நடுச்சக்கரத்தை மட்டுமே. பக்கச் சக்கரங்கள் தாங்குவதோடு சரி.

இதுவரை தனி மனிதர்களின் கதை. மூன்றாம் சக்கரம் நாடுகளுக்கும் கைகொடுத்திருக்கிறது. ஜப்பானில் ஹிரோஷிமா நகரை அடுத்து இருந்த டோயோ கோக்யோ என்ற நிறுவனம் 1931ஆம் ஆண்டில் மஸ்தா-கோ என்ற வண்டியை வெளியிட்டது. முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதி இரு சக்கரங்களின் மேல் அமைந்த சரக்குத் தட்டு. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அத்தொழிற்சாலை மீண்டும் மூன்று சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. சாம்பலாய்க் கிடந்த நகரை மீண்டும் எழுப்பக் கல்லும் மரமும் வேண்டும். அவற்றைச் சுமக்க வண்டி வேண்டும். பெரிய லாரிக்குப் பணமும் இல்லை, பொருளும் இல்லை. அந்நிலையில் சுமை தாங்க முன்வந்தது மூன்று சக்கர வண்டியே.

இத்தாலியிலும் அவ்வாறே. பியாஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. விமானப் பொறியாளர் கொர்ராதினோ தஸ்கானியோ 1946ஆம் ஆண்டில் எளிய மக்களுக்கென்று வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். வெஸ்பா என்றால் அந்நாட்டு மொழியில் குளவி. இரண்டே ஆண்டுகளில், 1948இல், அதே ஸ்கூட்டரின் பின்புறத்தில் ஒரு சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சக்கரங்களும் சரக்குத் தட்டும் வைத்து மூன்று சக்கர வண்டி ஒன்று வந்தது. அதற்கு ஆப்பே என்று பெயரிட்டனர். ஆப்பே என்றால் தேனீ. குளவி பறந்து திரியும். தேனீ சுமந்து உழைக்கும். இரண்டு சக்கரத்திலிருந்து மூன்று சக்கரத்துக்கு மாறுவதன் பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அந்தத் தேனீ நம் நாட்டுக்கும் வந்தது. பஜாஜ் நிறுவனம் 1948ஆம் ஆண்டு முதல் ஸ்கூட்டர்களையும் மூன்று சக்கர வண்டிகளையும் இறக்குமதி செய்தது. 1959ஆம் ஆண்டில் அவற்றை இங்கேயே செய்ய அரசின் உரிமம் பெற்றது. இன்று நாம் காணும் ஆட்டோ ரிக்‌ஷா அவ்வழி வந்ததாகும். சிறிய சரக்கு வண்டி எதுவாயினும் நாம் டெம்போ என்கிறோமே, அச்சொல்லும் ஜெர்மனி நாட்டு டெம்போ நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்ததே. 1958ஆம் ஆண்டில் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம் அந்நாட்டு மூன்று சக்கரச் சரக்கு வண்டியை இந்தியாவில் செய்தது. வண்டி மறைந்தும் பெயர் நின்றுவிட்டது. கடல் கடந்த இலங்கையில் ஆட்டோவுக்குத் தமிழில் முச்சக்கர வண்டி என்றே பெயர். அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் அச்சொல் வழங்குகிறது. அழகிய சொல் அது.

மோட்டார் சைக்கிளையே வெட்டி மூன்று சக்கரமாக்கிய கதையும் நம் நாட்டில் உண்டு. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932ஆம் ஆண்டு முதல் 1973 வரை தானே ஒரு மூன்று சக்கர வண்டியைச் செய்து வந்தது. ஆனால் தில்லியில் நிகழ்ந்தது வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைகள் விட்டுச்சென்ற ஹார்லி மோட்டார் சைக்கிள்கள் மலிவாகக் கிடைத்தன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் வீடு வாசல் இழந்த மக்கள் பெருந்திரளாகத் தில்லிக்கு வந்திருந்த காலம் அது. அந்த மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தை நீக்கி, இரு சக்கரமுள்ள அச்சையும் பயணிகள் அமரும் கூண்டையும் பொருத்தி ஓட்டினர். எந்திரத்தின் ஓசையை வைத்து அதற்குப் பட்பட்டி என்று பெயர் வந்தது. கன்னாட் பிளேஸ் பகுதியிலிருந்து சாந்தினி சௌக் வரை அரை நூற்றாண்டு அந்த ஓசை கேட்டது. காற்று மாசு காரணமாக 1998ஆம் ஆண்டில் அவை தெருவிலிருந்து அகற்றப்பட்டன. போருக்கென்று பிறந்த வண்டி, மூன்றாம் சக்கரம் பெற்றபின் பலருக்குச் சோறு போட்டது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலும் இவ்வாறே, சென்னைத் திருவொற்றியூரில் பிறந்த என்ஃபீல்டு புல்லட்டின் முன்பாதியோடு சரக்குத் தட்டை இணைத்துச் சக்டா என்னும் வண்டியை உழவர்கள் ஓட்டினர். சகடம் என்னும் நம் பழஞ்சொல்லை அப்பெயர் நினைவூட்டும்.

நம் தமிழ்நாட்டிலும் இரண்டிலிருந்து மூன்றுக்குச் சென்ற ஒரு மாற்றம் உண்டு. அது மோட்டாரைச் சேர்ந்ததன்று, மானத்தைச் சேர்ந்தது. மனிதனை மனிதன் இழுத்துச் செல்லும் கை ரிக்‌ஷாவுக்குச் சக்கரங்கள் இரண்டு. இழுப்பவரின் இரு கால்களே அதன் மூன்றாம் சக்கரம். 1973ஆம் ஆண்டில், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அந்தக் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டது. அதற்குச் சக்கரங்கள் மூன்று. முன்னே ஒரு சக்கரம் வந்ததும், வண்டியில் பூட்டப்பட்டிருந்த மனிதன் வண்டியின் மேல் ஏறி அமர்ந்தான். உழைப்பு குறைந்துவிடவில்லை, ஆனால் நிலை உயர்ந்தது.

இப்போது என் பட்டறைக்காரரிடம் திரும்பி வருவோம். அவர் பிறந்த காலத்தில் போலியோ ஒவ்வோர் ஊரிலும் குழந்தைகளைத் தாக்கிற்று. 1995ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சொட்டு மருந்து முகாம்கள் நடந்தன. தமிழ்நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டது 2004ஆம் ஆண்டில். இந்தியாவில் கடைசி நோயாளி 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா போலியோ அற்ற நாடு என்று சான்று பெற்றது. நோய் போயிற்று, ஆனால் அதற்கு முன் நோயுற்றவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு, தகுதியுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை விலையின்றி வழங்கி வருகிறது. அவற்றில் ஏறி வேலைக்குச் செல்வோரை இன்று எல்லா ஊர்களிலும் காணலாம்.

சட்டமும் மெல்ல மாறியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உடற்குறை உடையோரின் வண்டியைப் பற்றிப் பேசியபோது, அது அவர்களுக்கென்றே சிறப்பாக வடிவமைத்துச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக இருக்கலாகாது என்று வரையறுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, சிறப்பாகச் செய்யப்பட்டதாயினும் முறைப்படி மாற்றியமைக்கப்பட்டதாயினும் ஏற்கத்தக்கதே என்று வரையறையை விரித்தது. இரண்டு வரிகளுக்கிடையே முப்பது ஆண்டுகள். ஊர்ப் பட்டறையில் நடந்த வேலைக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

ஆயினும், மூன்றாம் சக்கரத்தை நான் அளவு கடந்து புகழ விரும்பவில்லை. அதற்கும் குறைகள் உண்டு. சாயத் தெரியாத வண்டி, வளைவில் வேகமாகச் சென்றால் வெளிப்புறம் கவிழும். முன்னே ஒரு சக்கரமும் பின்னே இரண்டும் இருந்தால், வளைவிலேயே தடையை அழுத்துவது மிகவும் தீது. இரண்டு சக்கரத்தில் குழியை நூலிழையில் விலகிச் செல்லலாம். இங்கே ஒன்று தப்பினால் மற்றொன்று விழும். முறையான அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் சட்டத்தின் காப்பும் இல்லை, காப்பீட்டின் துணையும் இல்லை. சென்னையில் மீன்பாடி வண்டிகளுக்குப் பழைய எந்திரத்தைப் பொருத்தி ஓட்டுவோரின் வறுமையை நான் அறிவேன். ஆயினும் தடையும் விளக்கும் சரிவர இல்லாத வண்டி ஓட்டுபவருக்கும் பிறருக்கும் கேடே ஆகும். மாற்றம் வேண்டும், அது முறையோடு வேண்டும்.

மீண்டும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய வாரத்தில் ஒரு நிகழ்ச்சி. வண்டியை மரத்தடியில் நிறுத்தினேன். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் தோழனிடம், “சார் வண்டி குட்டி போட்டிருக்குடா!” என்றான். எல்லாரும் சிரித்தனர். முன்பாக இருந்தால் அன்றே மனம் உடைந்திருப்பேன். அன்று எனக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் வகுப்பில் டைம்லரின் வண்டியைப் பற்றிப் பாடம் நடத்த எண்ணி, அதன் படத்தை வரையத் தாள் தேடினேன். மேசை அறைக்குள் நான் எழுதி வைத்திருந்த விருப்ப ஓய்வுக் கடிதம் இருந்தது. அதன் பின்புறம் வெள்ளையாக இருந்தது. அதிலேயே படத்தை வரைந்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். “உலகின் முதல் மோட்டார் சைக்கிள் இது, இதுவும் குட்டி போட்டிருக்கிறது, பாருங்கள்” என்றேன். நேற்றுச் சிரித்த சிறுவன் எழுந்து, “சார், அப்போ அதை ஓட்டுனவருக்கும் கால் வலியா?” என்று கேட்டான். “இல்லை தம்பி. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர் எவருக்கும் விழாமல் தாங்க ஒரு துணை வேண்டும்” என்றேன். அவனுக்குச் சொன்ன விடை எனக்கும் உரியதாயிற்று.

எங்கள் ஊர்க் கோயிலின் கதையை நீங்கள் அறிந்திருக்கலாம். சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்கிட்டனராம். கோமதி அம்மன் தவமிருக்க, இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாகிய சங்கரநாராயணராய்க் காட்சி தந்து, எவர் பெரியர் என்ற வினாவையே இல்லாமற் செய்தார் என்பது தலபுராணம். இரண்டு சக்கரம் பெரிதா மூன்று சக்கரம் பெரிதா என்ற வினாவும் அத்தகையதே. பியாஜியோ நிறுவனமே 2006ஆம் ஆண்டில் மூன்று சக்கரங்கள் கொண்ட, ஆயினும் இரு சக்கர வண்டியைப் போலச் சாயவல்ல ஒரு ஸ்கூட்டரை வெளியிட்டது. நிற்கவும் தெரியும், சாயவும் தெரியும் அதற்கு.

மாணவ நண்பர்களே, உங்கள் வாழ்விலும் என்றேனும் ஒருநாள், பழகிய வண்டியை விட்டுப் பழகாத வண்டிக்கு மாற வேண்டி வரலாம். அது வண்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; படிப்பாக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், உடலாகவும் இருக்கலாம். அப்போது, நான் இறங்கிவிட்டேன் என்று எண்ணி வீட்டில் அமர்ந்துவிடாதீர்கள். ஃபார்ஃப்ளரும், ஹிரோஷிமாவின் தொழிலாளரும், தில்லிக்கு வந்த அகதிகளும், எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரும் அப்படி அமர்ந்துவிடவில்லை. இப்போது அந்த இடப்புற வளைவில் நான் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இடப்புறமே திருப்புகிறேன். வண்டி சொன்னபடி செல்கிறது. பள்ளி மணி அடிப்பதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.